பழைய ஜலதோஷமும் புதிய வைரஸும்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2020-ல் அமெரிக்காவின் லா ஹோயா ஆய்வு நிலையத்தில், 2015 முதல் 2018 வரை சேகரித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பரிசோதித்தார்கள். கோவிட் என்ற பெயரே இல்லாத காலத்து ரத்தம்! ஆயினும் ஏறக்குறைய பாதிப் பேரின் டி செல்கள் புதிய வைரஸை அடையாளம் கண்டுகொண்டன. ஜலதோஷம் தரும் நான்கு கொரோனா வைரஸ்கள் அதன் பங்காளிகள். அவற்றின் ஞாபகம் ஒரு காரணம் என்று பின்னர் தெரிந்தது. சிங்கப்பூரில் 2003-ல் சார்ஸ் வந்து பிழைத்தவர்களிடம் 17 ஆண்டுகள் கழித்தும் அந்த ஞாபகம் இருந்தது.

இதைப் படித்துவிட்டு, "நமக்கு எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே உண்டு" என்று நண்பர்களுக்குத் தைரியம் சொன்னேன். 2021 ஏப்ரலில் அவர்களில் ஒருவரை இழந்தோம்.

நான் யோசிக்காமல் விட்டது இதுதான். வைரஸை வாசலிலேயே மறிப்பது ஆன்டிபாடி. டி செல்லோ, வைரஸ் புகுந்த செல்லைப் பிறகுதான் அழிக்கும். வயதானால் அதன் வேகமும் குறையும். அடையாளம் தெரிவது வேறு, காப்பாற்றுவது வேறு.

ஆகவே, எழுபதைத் தாண்டிய அன்பர்களே, டாக்டர் சொல்லும் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். என்னைப்போல் பாதி படித்துவிட்டுப் பிறருக்குத் தைரியமும் சொல்லாதீர்கள்.