ஒரு வீட்டில் மிகுந்தது, மறு வீட்டில் இல்லாதது

திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ரப்பர் மரத்திற்கும் பேராக் மாநிலத்திற்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்தடைந்த 22 கன்றுகளுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அம்மரத்தை நம்பியே பின்னாளில் ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்கள் இந்நாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்தன. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரம் வெட்டி வீழ்த்தப்படும். அதன் பிறகு அது அடுப்புக்கும் சூளைக்கும் விறகு. அறுத்த பலகையில் விரைவிலேயே நீலக்கறை படரும். வண்டு துளைத்து மாவாக்கிவிடும். ஆகவே தச்சர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் போன்றவற்றின் முயற்சியால் அந்நிலை மாறியது. அறுத்தவுடன் பலகையைப் போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தி, உலர்த்தும் அறையில் காயவைக்கும் முறை பரவியது. 1980களிலிருந்து அதே மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் உருப்பெற்று, மூவார் முதலிய ஊர்களின் தொழிற்சாலைகளிலிருந்து கடல் கடந்து செல்கிறது. விறகென்று ஒதுக்கப்பட்டதற்கு அறிவும் அக்கறையும் மறுவாழ்வு தந்தன. அத்தகைய மரத்தாலான நாற்காலி, நல்ல நிலையில் இருக்கும்போதே குப்பை மேட்டிற்குச் செல்லுமானால், அந்த மறுவாழ்வு பாதியிலேயே அறுந்துபோகிறது.

குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளைச் சுற்றி வாழும் குடும்பங்கள் பலவற்றின் வேர் தோட்டத்தில் உள்ளது. லயத்து வீட்டை விட்டு வந்த முதல் தலைமுறை, சிறுகச் சிறுகச் சேமித்துக் கட்டிலும் அலமாரியும் வாங்கியது. பிள்ளைகள் படித்து முன்னேறிக் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ செல்கின்றனர். பெற்றோர் மறைந்தபின் வீடு காலியாகிறது. திருமணம், புதுமனை புகுவிழா, தீபாவளி எனப் புதுப் பொருள்கள் வந்து சேரும்போதும் பழையவற்றிற்கு இடமில்லாமற் போகிறது.

அதே ஊரில் மற்றொரு காட்சியும் உண்டு. பல்லாண்டுகள் பால்மரக் காட்டில் உழைத்துத் தேய்ந்த முழங்கால்களுடன் ஒரு பாட்டி தரையில் பாய் விரித்துப் படுக்கிறார். இரவில் எழுந்திருக்க அவருக்கு இன்னொருவரின் கை வேண்டும். உறுதியான கட்டில் ஒன்று இருந்தால் அவர் தாமே எழுந்து நடப்பார். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையோ தரையில் குனிந்தே எழுதுகிறது. ஒரு சிறு மேசை அப்பிள்ளைக்குப் பெருந்துணை. மிகுதியுள்ள வீட்டிற்கும் இல்லாத வீட்டிற்கும் இடையில் சில தெருக்களே இருக்கக்கூடும். ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரிவதில்லை என்பதே குறை.

தெரியாமையின் விளைவுகள் கண்கூடு. வீட்டின் பின்புறம் மழையில் கிடக்கும் நாற்காலியிலும் இழுப்பறையிலும் நீர் தேங்குகிறது. ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பறக்கும் கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இது குற்றமுமாகும். போகியன்று பழையதை எரிப்பது மரபு என்பர் சிலர். மெத்தையிலுள்ள நுரைப்பஞ்சு எரியும்போது எழுவது நச்சுப் புகை. திறந்தவெளியில் எரிப்பதைச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் தடை செய்கிறது. நல்ல பொருளைப் பிறர் கையில் சேர்ப்பித்து வீட்டைத் தூய்மையாக்கினால் போகியின் கருத்தும் நிறைவேறும்.

ஆயினும் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. தம் வீட்டு விருந்தினரை அமர வைக்கத் தயங்கும் நாற்காலியைப் பிறர்க்கு அளிப்பது தானமாகாது. கால்கள் ஆடுகின்றனவா, இழுப்பறை எளிதில் திறக்கிறதா என முதலில் பார்த்தல் வேண்டும். மரத்தில் ஊசித்துளைகளும் அவற்றின் கீழ் மாவு போன்ற தூளும் தென்பட்டால் அது வண்டு அரித்தது. பிற வீடுகளுக்கு அனுப்பலாகாது. மெத்தையின் மடிப்புகளில் மூட்டைப்பூச்சியின் கரும்புள்ளிகள் இருந்தாலும் அவ்வாறே. குறையற்றதைத் துடைத்து, திருகாணிகளை முடுக்கி, வெயிலில் காயவைத்துக் கொடுப்பதே பெறுவோர்க்குக் காட்டும் மரியாதை.

பெறுவோரின் தேவையை முன்கூட்டியே கேட்டறிதலும் இன்றியமையாதது. மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் அடுக்ககங்களில் ஒரு வீட்டின் பரப்பு ஏறத்தாழ 700 சதுர அடியே. பெரிய அலமாரி அங்கே வாசலையும் தாண்டாது. முதியோர் இல்லத்திற்கோ சிறுவர் இல்லத்திற்கோ அளிப்பதாயினும், அளவைச் சொல்லி, ஒப்புதல் பெற்றே அனுப்புதல் முறை. லோரிக் கூலியை ஏற்க இயலாத குடும்பத்திற்கு அதனையும் கொடுப்பவரே ஏற்பது சிறப்பு. பெறுபவரைப் பொருளோடு நிறுத்திப் படம் எடுத்து ஊரறியச் செய்வது அவர் மனத்தைப் புண்படுத்தும். அதனைத் தவிர்த்தல் நன்று.

சமய மேடையிலிருந்து இத்தகைய பணி பிறந்ததற்குச் சான்றுண்டு. 1990 ஆகஸ்டில் தைவானின் தைச்சுங் நகரில் சூ சி அறநிறுவனத்தின் தலைவியான பௌத்தத் துறவி செங் யென் உரையாற்றினார். அவையோர் கைதட்டினர். தட்டும் அக்கரங்களால் மறுபயனீட்டுப் பணி செய்யுமாறு அவர் வேண்டினார். அவ்வேண்டுகோள் தன்னார்வலர் இயக்கமாக வளர்ந்து மலேசியாவிலும் தொடர்கிறது. அதற்கு முதலில் வேண்டியிருந்தது கேட்டவர்களின் உழைப்பே.

ஆலயங்களுக்கும் இது இயலும். மண்டபத்தின் அறிவிப்புப் பலகையில் இரு பத்திகள் போதும். ஒன்றில் கொடுக்க விரும்பும் பொருளும் அதன் அளவும்; மற்றொன்றில் தேவைப்படும் பொருள் மட்டும். தேவைப்படுவோரின் பெயர் செயலாளரிடம் மறைவாக இருக்கட்டும். பொருள்களை ஆலய வளாகத்தில் குவித்தல் ஆகாது. ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்கு நேரே செல்லட்டும். தூக்கிச் செல்ல இளைஞரணி உண்டு. ஆடும் காலைச் சீராக்கத் தச்சு தெரிந்த அன்பர்களும் உண்டு.

திருவிழா முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும், தம் வீட்டில் ஓராண்டாக எவரும் அமராத நாற்காலி உண்டா என நோக்குவார்களாக. இருப்பின், அது உறுதியாக இருக்கும்போதே வேண்டியவரிடம் சென்று சேரட்டும். எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் அனைவர்க்கும் கிட்டுவதாக.