பிலடெல்பியாவின் பத்துத் தோல்விகள்

விளையாட்டுக் களத்தில் வெற்றி தோல்வியை நிர்ணயிப்பது ஆட்டக்காரரின் ஆற்றல் மட்டுமன்று. அவ்வாற்றலைச் செலவிடும் முறைக்கும் அதிற் பெரும் பங்கு உண்டு. பொருளைச் சேர்த்தவன் அதனை அளவறிந்து செலவிடாவிடின் வறியனாவான். அதுபோலவே, வலிய ஆட்டக்காரரைப் பெற்ற அணியும் அவர்களுடைய வலுவை அளவறிந்து பயன்படுத்தாவிடின் வீழ்ச்சியுறும். அமெரிக்காவிலே 1964ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இதற்குத் தக்க சான்றாகும். பிலடெல்பியா நகரத்துப் பில்லீஸ் என்னும் பேஸ்போல் அணி, கைக்கெட்டிய வெற்றியைப் பத்தே நாட்களில் இழந்த வரலாறு அது.

பேஸ்போல் ஆட்டம் கிரிக்கெட்டுக்கு ஒருவகையில் உறவுடையது. இரண்டிலும் ஒருவர் பந்தை எறிய, மற்றொருவர் அதனை அடிக்கின்றார். இரண்டிலும் ஓட்டங்களே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. ஆனால் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. கிரிக்கெட்டில் ஓர் ஓவர் முடிந்ததும் வேறொருவர் பந்தை வாங்கிக்கொள்வார். முன்னவர் சற்று இளைப்பாறலாம். பேஸ்போலில் அந்த வசதி இல்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிவாளர், தம்மால் இயலும்வரை ஒவ்வொரு பந்தையும் தாமே எறிதல் வேண்டும். மாற்றப்பட்டவர் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கவும் முடியாது. ஒன்பது இன்னிங்ஸும் நின்று முடிப்பவர் நூறு பந்துகளுக்கு மேல் எறிந்திருப்பார். ஒவ்வொரு பந்தும் தோளையும் முழங்கையையும் முறுக்கி, முழுவேகத்துடன் எறியப்படுவது.

இவ்வாறு உழைத்த கைக்கு மறுநாளே வேலை கொடுக்க முடியாது என்பது வெளிப்படை. பருவகாலத்திலோ ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் உண்டு. மொத்தம் 162 ஆட்டங்கள். ஆகவே ஒவ்வோர் அணியும் தன் பந்தெறிவாளரை முறைவைத்து அனுப்புகின்றது. அக்காலத்தில் நால்வர் முறையே வழக்கிலிருந்தது. ஒருவர் எறிந்தபின் மூன்று நாள் ஓய்வு. ஐந்தாம் நாள் மீண்டும் அவர் முறை. இந்த முறைவரிசையை ஒழுங்காக நடத்துவதே அணி முகாமையாளரின் கடமைகளுள் மிகவும் நுட்பமானது.

1964இல் பில்லீஸ் அணியின் முகாமையாளராக இருந்தவர் ஜீன் மோக். கூரிய மதியும் கண்டிப்பும் உடையவர். 1961இல் அவ்வணி தொடர்ந்து இருபத்துமூன்று ஆட்டங்களில் தோற்று நகைப்புக்கு இடமாயிற்று. அத்தகைய அணியை மூன்றே ஆண்டுகளில் முதலிடத்திற்கு உயர்த்தியவர் அவர். அவரிடம் இரு சிறந்த பந்தெறிவாளர் இருந்தனர். ஒருவர் வலக்கையாளரான ஜிம் பனிங். அவ்வாண்டு யூன் 21ஆம் திகதி, நியூயோர்க் மெற்ஸ் அணிக்கு எதிராக, எதிரணியினரில் ஒருவரையேனும் முதலாம் தளத்தை அடையவிடாமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தவர். நாஷனல் லீக்கில் 1880ஆம் ஆண்டுக்குப்பின் எவரும் செய்திராத சாதனை அது. மற்றவர் இடக்கையாளரான கிறிஸ் ஷோர்ட்.

செப்டெம்பர் 20ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பனிங் எறிந்த ஆட்டத்தில் பில்லீஸ் 3க்கு 2 என்ற கணக்கில் வென்றது. அன்றைய நிலையில் அவ்வணி 90 வெற்றிகளும் 60 தோல்விகளும் பெற்று, இரண்டாம் இடத்திலிருந்த சென் லூயிஸ் கார்டினல்ஸ், சின்சினாட்டி றெட்ஸ் ஆகிய அணிகளை விட ஆறரை ஆட்டம் முன்னின்றது. எஞ்சியவை பன்னிரண்டு ஆட்டங்கள். அவற்றிற் பாதியை வென்றாலும் போதும். சென் லூயிஸ் அணி தனக்கு எஞ்சிய பதின்மூன்றையும் வென்றாலன்றிச் சமநிலையைக்கூட எட்ட இயலாது. இக்காலத்தைப் போல ஒரு லீக்கில் ஆறு அணிகள் இறுதிச் சுற்றுக்குச் செல்லும் விதி அந்நாளில் இல்லை. பத்து அணிகளில் முதலாவதாக வருவது ஒன்றே உலகத் தொடரில் ஆடும். 1950க்குப்பின் அப்பேற்றைக் காணாத பிலடெல்பியாவில், உலகத் தொடருக்கான நுழைவுச்சீட்டுகளும் அச்சாகிவிட்டன.

மறுநாள் பிலடெல்பியாவில், ஆறாவது இன்னிங்ஸில், எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. மூன்றாம் தளத்தில் நின்ற சின்சினாட்டி ஆட்டக்காரர் சிக்கோ றூயிஸ், தம் அணியின் தலைசிறந்த துடுப்பாட்டக்காரரான பிராங் றொபின்சன் அடிக்கக் காத்துநிற்கையில், திடீரென மூலத்தளத்தை நோக்கி ஓடினார். பந்தெறிவாளர் ஆர்ட் மஹாபியின் எறி இலக்குத் தவறியது. அந்த ஓர் ஓட்டத்தினாலேயே சின்சினாட்டி வென்றது. அடுத்த இரு நாட்களும் அவ்வணிக்கே வெற்றி.

மூன்று தோல்விகளின் பின்னும் பில்லீஸ் முதலிடத்திலேயே நின்றது. ஆயினும் மோக்கின் உள்ளத்தில் அச்சம் புகுந்துவிட்டது. றே கல்ப் என்பவர் முழங்கை நோவினால் ஒதுங்கியிருந்தார். டெனிஸ் பெனற் தோள் வலியுடன் எறிந்துகொண்டிருந்தார். மஹாபியிடம் முகாமையாளருக்குப் போதிய நம்பிக்கை இல்லை. ஆகவே தம் இரு பெரும் வீரர்களையே அவர் மீண்டும் மீண்டும் நாடினார். 22ஆம் திகதி எறிந்த ஷோர்ட் 25இலும், பின்னர் 28இலும் எறிந்தார். 24ஆம் திகதி எறிந்த பனிங் 27இலும், பின்னர் 30இலும் எறிந்தார். மூன்று நாள் ஓய்வு இரண்டு நாளாகக் குறைந்தது.

விளைவு என்ன? 25ஆம் திகதி மில்வாக்கி பிரேவ்ஸ் அணியிடம் பன்னிரண்டு இன்னிங்ஸ் போராடித் தோல்வி. 27ஆம் திகதி அதே அணியிடம் 14க்கு 8 என்ற கணக்கில் தோல்வி. பில்லீஸ் வீரர் ஜொனி கலிசன் அன்று மூன்று முறை எல்லைக்கு அப்பால் பந்தை அடித்தும் பயன் விளையவில்லை. அன்றே சின்சினாட்டி முதலிடத்தைக் கைப்பற்றியது. பின்னர் சென் லூயிஸில் மூன்று ஆட்டங்கள், மூன்றும் தோல்வி. அவற்றுள் இறுதியில் பனிங்கை எதிர்த்து எறிந்து வென்றவர், 1960இல் பில்லீஸ் அணியே வேண்டாமென விடுவித்த கேர்ட் சிமன்ஸ். பத்து நாட்கள், பத்துத் தோல்விகள்.

இனி, பருவகாலத்தின் கடைசி இரு ஆட்டங்கள் நோக்கத்தக்கவை. இடையே ஆட்டமில்லாத நாட்கள் வந்தமையால் இருவருக்கும் வழமையான மூன்று நாள் ஓய்வு கிடைத்தது. ஒக்டோபர் 2இல் ஷோர்ட் தொடங்கிய ஆட்டத்தில் பில்லீஸ் சின்சினாட்டியை 4க்கு 3 என வென்றது. ஒக்டோபர் 4இல் பனிங் அதே அணிக்கு ஓர் ஓட்டமேனும் கொடாது எறிய, 10க்கு 0 என வெற்றி கிட்டியது. கை அதே கை, எறிந்தவரும் அவரே, இடையில் வந்த மாற்றம் ஒருநாள் ஓய்வு மட்டுமே.

ஆயினும் காலம் கடந்துவிட்டது. கடைசி இடத்திலிருந்த நியூயோர்க் மெற்ஸ், அன்று சென் லூயிஸ் அணியைத் தோற்கடித்திருப்பின் மூன்று அணிகளும் சமநிலை எய்தியிருக்கும். அதற்கு முந்திய இரு நாட்களும் சென் லூயிஸை வென்ற மெற்ஸ், மூன்றாம் நாள் 11க்கு 5 எனத் தோற்றது. சென் லூயிஸ் 93 வெற்றிகள். பிலடெல்பியாவும் சின்சினாட்டியும் தலா 92. அப்பத்து ஆட்டங்களுள் ஒன்றேயொன்றை வென்றிருந்தாலும் பில்லீஸின் நம்பிக்கை உயிர்பெற்றிருக்கும். சென் லூயிஸ் பின்னர் நியூயோர்க் யாங்கீஸை வென்று உலகத் தொடரையும் கைக்கொண்டது.

பழி முழுவதையும் மோக் ஒருவர்மேற் சுமத்துவது நீதியாகாது. முதல் நாள் தோல்வியில் பந்தெறிவாளர் கொடுத்தது ஓர் ஓட்டம்தான். அன்று சோர்ந்தவர்கள் துடுப்பாட்டக்காரர். பனிங் மூன்று நாள் ஓய்வின் பின் எறிந்த 24ஆம் திகதி ஆட்டமும் தோல்வியிலேயே முடிந்தது. நோயுற்ற கைகளை வைத்துக்கொண்டு எந்த முகாமையாளரும் மனநிம்மதியுடன் இருக்க முடியாது. ஆயினும் ஓர் உண்மை எஞ்சி நிற்கின்றது. நம்பிக்கைக்கு உரியவரல்லர் எனக் கருதப்பட்ட மஹாபி 26ஆம் திகதி ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸ்வரை நின்று, தம் அணி முன்னணியில் இருக்கவே களத்தை விட்டகன்றார். ஆட்டம் கைமாறியது ஒன்பதாவது இன்னிங்ஸில். அவருக்கு 30ஆம் திகதி உரிய முறை வந்தும் அது பனிங்குக்கே கொடுக்கப்பட்டது. ஆறரை ஆட்ட முன்னணியுடைய அணிக்கு, ஓர் ஆட்டத்தை இழக்கும் துணிவே தேவையாயிருந்தது. ஒன்றையும் இழக்க மனமின்றி எல்லாவற்றையும் இழக்க நேர்ந்தது.

மோக் இருபத்தாறு பருவகாலங்கள் முகாமையாளராகப் பணிபுரிந்தும் ஒருமுறையேனும் உலகத் தொடரைக் காணவில்லை. 1982இல் கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியுடன் ஐந்து ஆட்டத் தொடரில் முதலிரண்டையும் வென்று, எஞ்சிய மூன்றையும் இழந்தார். 2005இல் அவர் காலமானார். பனிங் பின்னாளில் கென்டக்கி மாநிலத்தின் செனற்றராகி, 2017இல் மறைந்தார். பிலடெல்பியா தன் முதலாவது உலகத் தொடர் வெற்றியைக் காண 1980வரை காத்திருந்தது. இன்று பெரும்பாலான அணிகள் ஐவர் முறையைக் கைக்கொண்டு, நான்கு நாளோ அதற்கு மேலோ ஓய்வளிக்கின்றன.

பதறாத காரியம் சிதறாது என்பது தமிழர் முதுமொழி. ஆபத்து நெருங்குங்கால் வல்லவர் இருவர்மேலேயே முழுப் பாரத்தையும் ஏற்றுவது மனித இயல்பு. வீட்டிலும் அலுவலகத்திலும் வயலிலும் அது நாள்தோறும் நிகழ்கின்றது. வல்லவருக்கு ஓய்வையும் மற்றவருக்கு வாய்ப்பையும் உரிய காலத்தில் அளிப்பதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு தளர்ந்தவிடத்து முன்னணியும் நிலைப்பதில்லை என்பதை அந்தச் செப்டெம்பர் மாதம் காட்டிச் சென்றது.