பெயரில் மயங்கும் மென்முருகை

வெப்பமண்டலக் கடல்களின் முருகைக்கற்பார்களிலே, பெரியதொரு காளான் குடை விரித்து நிற்பது போன்ற உயிரொன்று காணப்படும். தடித்த காம்பும், ஓரம் மடிந்த தட்டும், தோலை ஒத்த தசையும் உடையது அது. செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை பரந்து வாழும் இதற்குச் சாக்கோபைற்றன் என்று பெயர். ‘சதைத் தாவரம்’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். எனினும் இது தாவரமன்று. எண்ணிறந்த சிற்றுயிர்கள் ஒன்றாய் இணைந்து வாழும் குடியிருப்பே ஆகும்.

இதனை இனங்காண்பது எங்ஙனம்? முதலிற் பரிசக்கொம்புகளை எண்ணுதல் வேண்டும். கற்பார் கட்டும் வன்முருகைகளுக்கு அவை பெரும்பாலும் ஆறு அல்லது ஆறின் மடங்காக இருக்கும், மென்முருகைகளுக்கோ எட்டு. அவ்வெட்டும் இறகு போன்று இருபுறமும் கிளைத்திருக்கும். அடுத்து, தட்டின் மேற்பரப்பை உற்றுநோக்குதல் வேண்டும். இரை பற்றும் பெரிய பொலிப்புகளுக்கிடையே, நீரைச் செலுத்தும் சிறிய பொலிப்புகள் புள்ளிகள் போலத் தோன்றும். சினுலாரியா என்னும் மென்முருகையில் இச்சிறியவை இல்லை. லோபோபைற்றத்தில் உண்டு, ஆயின் அதன் மேற்பரப்பு மடல்களாகவோ வரம்புகளாகவோ எழுந்து நிற்கும்.

இவ்வளவிற் சாதி புலப்படும், இனம் புலப்படாது. நீரோட்டத்திற்கும் வயதிற்கும் ஏற்ப உருவம் மாறுபடுவதே காரணம். ஆகவே, தட்டிலிருந்தும் காம்பின் அடியிலிருந்தும் சிறு துண்டுகளை வெட்டி, வெளிற்றும் திரவத்தில் இடுவர். சதை கரைந்துபோக, கல்சியங் காபனேற்றாலான நுண்முட்கள் எஞ்சும். நுணுக்குக்காட்டியில் நோக்கினால், மேற்பரப்பு முட்கள் கதாயுதம் போன்றும், உட்பகுதி முட்கள் இருமுனையும் கூம்பிய கதிர் போன்றும் தோன்றும். அவற்றின் வடிவமும் அளவுமே இனத்திற்குச் சான்று.

அச்சான்றும் போதாதென்பது பின்னர் தெளிவாயிற்று. 1833இல் பிரான்சிய இயற்கையறிஞர் குவாவும் கெமாரும் விவரித்த குளோக்கம் என்னும் இனம் நெடுங்காலம் ஒன்றாகவே கொள்ளப்பட்டது. 2006இல் வெளியான பரம்பரையலகு ஆய்வு, அப்பெயரின்கீழ் ஆறு வெவ்வேறு மரபுக்கிளைகள் மறைந்திருத்தலைக் காட்டிற்று.

பெயர் எதுவாயின் என்ன என்று நேயர்கள் வினவலாம். குளோக்கம் என்று பெயரிடப்பட்ட முருகையிலிருந்து 1979இல் யப்பானிய ஆய்வாளர் சாக்கோபைற்றோல் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். எலிகளிற் கட்டி வளர்வதை அது தடுப்பதாகப் பின்னர் கண்டனர். அப்பெயரை நம்பி வேறொரு கிளையைச் சேகரிப்பவருக்கு அப்பொருள் கிட்டாமலே போகலாம். ஆதலின், முருகையை ஆய்வுகூடத்திற்குக் கொண்டுசெல்பவர், அதன் ஒரு பகுதியை நூதனசாலையிற் பேணி வைத்தல் கடமையாகும். நாளை பெயர் மாறினும், பொருள் சான்றாய் நிற்கும்.