முன்னதும் பின்னதும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

அழைப்பிதழில் இத்தலைப்பைக் கண்ட அன்பர்கள் சிலர், சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் பற்றி நான் பேசப்போவதாக எண்ணியிருக்கக் கூடும். அவ்வெண்ணம் முற்றிலும் பிழையன்று. அவ்விரண்டையும் இடையிலே தொடத்தான் போகிறேன். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கணினி விளையாட்டு. முன்வரிசையில் ஓரிரு புருவங்கள் உயர்வதைக் காண்கிறேன். பத்மராவ் நகரிலிருந்தும் மாரேட்பள்ளியிலிருந்தும் மல்காஜ்கிரியிலிருந்தும் விடுமுறை மாலையைத் துறந்து வந்திருக்கும் உங்களுக்கு விளையாட்டுக் கதையா சொல்வது என்று கேட்கலாம். சற்றே பொறுத்தருளுங்கள். என் வீட்டில் எழுந்த வழக்கு இது. இதில் நடுவராக இருக்கும்படி என்னை வற்புறுத்தினார்கள். வழக்கைத் தீர்க்கப் புகுந்த நான், முடிவில் என் குற்றத்தையே கண்டுகொண்டேன்.

வழக்கு இதுதான். 1998ஆம் ஆண்டில், என் மகன் கல்லூரியில் பயின்றபோது, சிகந்தராபாத்துப் பார்க் லேன் கடைத்தெருவில் உறுப்பு உறுப்பாக வாங்கிக் கோத்த கணினி ஒன்று எங்கள் வீட்டிற்கு வந்தது. அதிலே அவன் ஆடிய விளையாட்டின் பெயர் டயாப்ளோ. அதன் இரண்டாம் பாகம் 2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்தது. அதற்குள் அவன் வேலைக்குச் சென்றுவிட்டான். அதைச் சில நாள் தொட்டுப் பார்த்ததோடு சரி. அவ்விரண்டாம் பாகமே 2021இல் புதுப்பொலிவுடன் மீண்டும் வந்தது. கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் பேரன் இப்பொழுது அதைத்தான் ஆடுகிறான். ஒருநாள் உணவு வேளையில் தந்தை சொன்னான்: "முதல் பாகத்தின் கால் தூசிக்கு இது வருமா?" மகன் சொன்னான்: "அப்பா, அதில் ஓடக்கூட முடியாது. அதைப் போய்ப் பெரிதாகச் சொல்கிறீர்களே!" பேச்சு வளர்ந்தது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானோ இரண்டையும் அறியேன். ஆயினும் வயது தந்த துணிவால், "பழையதே சிறந்ததாக இருக்கும்" என்றேன். பேரன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அவன் முகம் அன்றிரவு முழுதும் என்னை உறங்கவிடவில்லை. பாராமல் சொன்ன தீர்ப்பு எப்படித் தீர்ப்பாகும்? மறுநாள் முதல் மாலைதோறும் அவன் அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன்.

அன்பர்களே, இவ்வகை விளையாட்டைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். கூத்தில் வேடம் புனைவது போல, ஆடுபவர் ஒரு வீரனின் வேடத்தை ஏற்கிறார். அவ்வீரன் பகைவரை வெல்லுந்தோறும் அவன் ஆற்றல் வளர்கிறது. எந்த ஆற்றலை வளர்ப்பது என்பதை ஆடுபவரே தேர்கிறார். போரோ சதுரங்கம் போல முறை வைத்து நடப்பதன்று. கை விரலின் விரைவிலே நடப்பது. டயாப்ளோவையும் முதலில் முறை வைத்து ஆடும் விளையாட்டாகவே வகுத்தார்கள். செய்து கொண்டிருக்கும்போதுதான் உடனுக்குடன் நிகழும் போராக மாற்றினார்கள். அம்மாற்றமே அதன் வெற்றிக்கு வித்தாயிற்று. கலிபோர்னியாவில் டேவிட் பிரெவிக், மாக்ஸ் ஷேபர், எரிக் ஷேபர் என்னும் மூவர் தலைமையில் ஒரு சிறு குழு அதை ஆக்கியது. பிரெவிக் இளமையில் வாழ்ந்த ஊரின் அருகே டயாப்ளோ என்றொரு மலை உண்டு. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குச் சாத்தான் என்று பொருள். மலையின் பெயரே ஆட்டத்திற்கு அமைந்தது. குருதியும் கோரமும் மிக்க ஆட்டம் இது. பதினேழு வயது நிரம்பியவர்க்கே உரியதென்று அமெரிக்கத் தரக்குழு வகுத்திருக்கிறது. வீட்டில் சிறுவர் இருப்போர் இதனை மனத்திற் கொள்க.

முதல் பாகம் 1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடைகளுக்கு வந்தது. அதில் உள்ளது ஒரே ஊர். டிரிஸ்ட்ரம் என்பது அதன் பெயர். ஊரோரத்தில் பாழ்பட்ட ஒரு தேவாலயம், அதன் அடியில் பதினாறு நிலைகள், அடிநிலையிலே சாத்தான். போர்வீரன், வில்லாளி, மந்திரவாதி என்னும் மூவருள் ஒருவராக இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சுரங்க அறைகள் புதிதாக அமையும். ஆகவே நேற்றுக் கண்ட வழி இன்று உதவாது. மேலே ஏறி வந்தால் ஊர். மாட் யூல்மென் அமைத்த கித்தார் இசை துயரத்தோடு ஒலிக்கும். கருமான் ஒருவர், சாராயக் கடைக்காரர் ஒருவர், மரக்கால் சிறுவன் ஒருவன், டெக்கார்டு கெய்ன் என்னும் முதியவர் ஒருவர் என விரல்விட்டு எண்ணத்தக்க மாந்தரே அங்கு உள்ளனர். சில நாளில் அவர்கள் நமக்குப் பக்கத்து வீட்டார் ஆகிவிடுகிறார்கள். அவ்வீரன் நடக்கத்தான் செய்வான், ஓடமாட்டான். இருள் சூழ்ந்த கூடத்தில், தன்னைச் சுற்றி ஒரு சிறு வட்ட ஒளியோடு, மெல்ல மெல்ல நடக்கிறான். அந்த நடையிலேதான் அச்சம் பிறக்கிறது.

இரண்டாம் பாகத்தில் வீரர் ஐவர். ஒவ்வொருவர்க்கும் முப்பது கலைகள். மரத்தின் கிளைகள் போல ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பவை. ஓர் ஊருக்குப் பதிலாக நான்கு பகுதிகள். பசும்புல் நிலம், பாலைவன நகரம், அடர்ந்த காடு, நரகம் என்று கதை நாடு நாடாகச் செல்கிறது. 2001இல் வந்த இணைப்புத் தொகுதி இரு வீரரையும் ஐந்தாம் பகுதியையும் சேர்த்தது. வீரன் ஓடுகிறான். முன்னதில் பொன்னை வைக்க இடமின்றி ஊர்த் தரையிலே குவித்து வைத்தார்கள். பின்னதில் அதற்கொரு பெட்டி வந்தது. முன்னதில் பலர் கூடி ஆடும்போது, வீரனைப் பற்றிய கணக்கு ஆடுபவர் கணினியிலேயே இருந்தமையால், திருத்தி ஏமாற்றுவோர் பெருகினர். பின்னதில் அக்கணக்கை நிறுவனத்தின் கணினியிலேயே வைத்துக் காக்கும் ஏற்பாடு வந்தது. இவையெல்லாம் ஐயத்திற்கு இடமில்லாத முன்னேற்றங்கள். குறையும் உண்டு. கலைகளைத் தேர்வதில் ஒருமுறை தவறினால் மீட்சியே இல்லை. அத்தவற்றைத் திருத்திக்கொள்ள வழி பிறந்தது 2010ஆம் ஆண்டில்தான். வெயில் எரிக்கும் பாலையிலே ஓடுபவனுக்கு, இருட்கூடத்தில் நடந்தவனுக்கு இருந்த அச்சமும் இல்லை.

இனித் தீர்ப்புக்கு அளவுகோல் வேண்டும். நம் இலக்கியத்திடம் கேட்டேன். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இரட்டைக் காப்பியங்கள் எனப்படுகின்றன. இரண்டும் முப்பது முப்பது காதைகளால் ஆனவை. இளங்கோவடிகள் கண்ணகியைப் பாடினார். சாத்தனார் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளைப் பாடினார். மதுரை எரிந்ததைச் சாத்தனார் மீண்டும் எரிக்கவில்லை. மகளின் கையிலே அமுதசுரபியைக் கொடுத்துப் பசிப்பிணி தீர்க்க அனுப்பினார். சிலம்பின் வழக்குரை காதைக்கு ஈடான காட்சி மேகலையில் எங்கே என்று கேட்பவர், மேகலை எதற்காகப் பிறந்தது என்பதைக் கேளாதவர். ஆயினும் பின்னது முன்னதை மறக்கவும் இல்லை. வஞ்சி மாநகரில் கண்ணகியின் கோட்டத்திற்குள் மணிமேகலை செல்கிறாள். அங்கே தெய்வமாய் நிற்பவள் அவளோடு பேசுகிறாள். முதல் நூலைக் கற்றவர்க்கு அவ்விடத்தில் உள்ளம் உருகும்.

நம் நகரிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. இராமோஜி திரைப்பட நகரில் அரங்கமைத்து எடுக்கப்பட்ட பாகுபலி 2015இலும், அதன் இரண்டாம் பகுதி 2017இலும் வந்தன. கட்டப்பா ஏன் கொன்றான் என்னும் வினாவோடு முதற் பகுதி நின்றது. விடையோடு மறுபகுதி வந்தது. அது ஒரே கதையின் இரு பாதிகள். பாதிகளை ஒப்பிட்டு எது சிறந்தது என்பது, தோசையின் எந்தப் பாதி சுவையானது என்று கேட்பதைப் போன்றது. டயாப்ளோ அவ்வாறன்று; முன்னது தானே முடிந்த ஒன்று. ஆகவே ஒப்பிடலாம்.

இவற்றிலிருந்து மூன்று வினாக்களை வகுத்துக்கொண்டேன். முன்னதன் குறையைப் பின்னது தீர்த்ததா? முன்னதன் உயிரை இழக்காமல் காத்ததா? முன்னதை நினைவிற் கொண்டு புதிய ஒன்றைச் சொன்னதா?

முதல் வினாவிற்கு விடை, ஆம் என்பதே. இரண்டாவதற்கு விடை, ஓரளவே என்பது. இருளும் தனிமையும் ஓரூரின் நெருக்கமும் குறைந்துவிட்டன. மூன்றாவது வினாவே என்னை வியக்க வைத்தது. முதல் பாகத்தின் முடிவில், வீரன் சாத்தானை வென்று, அதன் உயிர் அடங்கிய கல்லைத் தன் நெற்றியிலேயே குத்திக்கொள்கிறான். தனக்குள்ளே அதைச் சிறைப்படுத்த முனைகிறான். இரண்டாம் பாகத்தில் அவனே தோற்று, சாத்தானின் வடிவாகி நாடு நாடாக அலைகிறான். அவனைத் தொடர்ந்து செல்வதே கதை. இடையில் டிரிஸ்ட்ரத்திற்குப் போக நேர்கிறது. ஊர் எரிந்து கிடக்கிறது. முதியவர் கெய்ன் கூண்டிலே தொங்குகிறார். கருமான் பேயுருக் கொண்டு நம்மையே தாக்குகிறார். மரக்கால் சிறுவனின் பிணம் கிடக்கிறது. அந்தப் பழைய கித்தார் இசை மீண்டும் ஒலிக்கிறது.

அக்காட்சியை என் பேரன் மூன்று நிமிடத்தில் ஓடிக் கடந்துவிட்டான். அவனுக்கு அது எரிந்த ஊர் ஒன்று, அவ்வளவே. கதவருகே நின்றிருந்த என் மகனோ அவ்விசையைக் கேட்டதும் உள்ளே வந்து, ஒன்றும் பேசாமல் நின்றான். அன்றுதான் ஓர் ஏற்பாடு செய்தேன். முதல் பாகம் 2019 முதல் மீண்டும் விலைக்குக் கிடைக்கிறது. பேரன் அதை முடிக்கவேண்டும்; மகன் இரண்டாம் பாகத்தை முழுதும் ஆடவேண்டும்; அதுவரை இருவரும் வாய் திறக்கக் கூடாது. ஆறு வாரங்கள் சென்றன. ஒரு நள்ளிரவில் பேரன் என்னை எழுப்பினான். "தாத்தா, முதல் பாகம் முடிந்தது. அந்த ஊர் எரிந்தது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது" என்றான். மகனும் தன் பங்கைச் சொன்னான்: "அப்பா, இரண்டாவதுதான் சிறந்த ஆட்டம். எனக்குப் பிடித்தது முதலாவது அன்று. என் பதினெட்டு வயது."

என் தீர்ப்பும் அதுவே. பின்னதே மேலானது. முன்னதன் குறைகள் ஆற்றாமையால் விளைந்தவை; பின்னதன் குறைகள் பெரியதொன்றை முயன்றதற்குக் கொடுத்த விலை. ஆயினும் முன்னதை அறியாதவன் பின்னதில் பாதியைத்தான் காண்கிறான்.

அன்பர்களே, இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், இதே விழாவிற்காக நம் இளைஞர்கள் ஒரு நாடகம் எழுதினார்கள். அவர்களுட் பலர் தமிழ் பேசுவர், படிக்க அறியார். வசனங்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்து மனனம் செய்தார்கள். ஒத்திகையில் அத்தாளைக் கண்ட நான், "எங்கள் காலத்தில் இப்படியா?" என்று செயற்குழுவில் எதிர்த்தேன். நாடகம் நடந்தது, நான் பாராமலே வீட்டிற்குப் போய்விட்டேன். சென்ற திங்களில்தான், பேரன் வைத்திருந்த பதிவில் அந்நாடகத்தைக் கண்டேன். இந்நகருக்கு வேலை தேடிப் புகைவண்டியில் வந்திறங்கிய ஒரு தாத்தாவின் கதை அது. உச்சரிப்பில் பிழைகள் இருந்தன. ஆனால் என் தலைமுறை மேடையேற்றிய எந்த நாடகத்திலும், நாங்கள் இவ்வூருக்கு எப்படி வந்தோம் என்பதை நாங்கள் சொன்னதில்லை. அத்தாத்தாவாக நடித்தவன் என் பேரன். அதையும் நான் அப்போது அறிந்துகொள்ளவில்லை.

அவர்கள் ஓடக் கற்றுவிட்டார்கள்; நாம் நடந்தே வந்தவர்கள். அவர்களிடம் இல்லாதது எழுத்து ஒன்றே. அதைக் கொடுக்கவேண்டியவர் நாம். வரும் ஞாயிறு முதல், காலை பத்து மணிக்கு, இம்மண்டபத்தின் பின்னறையில் அரிச்சுவடி வகுப்பை நடத்த நான் இசைந்திருக்கிறேன். என் பேரனே முதல் மாணவன். மாற்றாக, அடுத்த ஆண்டு நாடகத்தில் எனக்கொரு சிறு வேடம் தரவேண்டும் என்று இளைஞர்களைக் கேட்டிருக்கிறேன். ஓட வேண்டிய வேடமாக மட்டும் இருத்தல் ஆகாது.