வைத்தியர் கட்சியும் நோயாளி கட்சியும்

(குற்றாலத்தில் நடந்த கூட்டத்தில் பேசியது)



சாரல் காலத்தில் இவ்வூருக்கு வருகிற ஜனங்களில் பலர், அருவியில் குளித்தால் தீராத நோயும் தீரும் என்று சொல்லுகிறார்கள். குளிப்பதால் உடலுக்குச் சுகம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாரடைப்பு வந்தவனை யாரும் அருவிக்குத் தூக்கிக் கொண்டு போவதில்லை. தென்காசி பெரிய ஆஸ்பத்திரிக்கோ, திருநெல்வேலிக்கோதான் ஓடுகிறோம். அப்போது "பிழைப்பானா?" என்ற கேள்வியோடு, "எவ்வளவு பணம் கேட்பார்கள்?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதிலாகத்தான் நம் நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018-ல் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இதோடு இணைக்கப்பட்டது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு, பட்டியலில் கண்ட சிகிச்சைகள் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பிரீமியத்தைச் சர்க்கார் கட்டுகிறது. சர்க்கார் பணம் என்பது யார் பணம்? சோப்பு வாங்குகிற கிழவி முதல் எல்லோரும் கொடுக்கிற வரிப்பணம். ஆகவே இதை யாரும் பிச்சை என்று நினைத்துக் கூச வேண்டியதில்லை.

தனி வைத்தியர்களில் பலர் இந்தத் திட்டத்தைக் குறை சொல்லுகிறார்கள். அவர்கள் கட்சி என்ன? ஒரு ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று குறித்திருக்கும் தொகை செலவுக்குக் கட்டவில்லை; அந்தத் தொகையும் தாமதமாக வருகிறது; வைத்தியர் செய்த முடிவைக் கம்பெனியார் காகிதத்தைப் பார்த்துத் தள்ளி விடுகிறார்கள் என்பதாகும். இதில் நியாயம் இருக்கிறது. சிறு ஊரில் பத்துப் படுக்கை வைத்து ஆஸ்பத்திரி நடத்துகிறவர், மாதம் பிறந்தால் நர்சுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். செய்த வேலைக்குக் கூலியைக் காலத்தில் கொடு என்று நம் பக்கத்துப் பீடி சுற்றும் பெண் கேட்டால் நியாயம் என்கிறோம். வைத்தியர் கேட்டால் மட்டும் அநியாயமாகுமா?

ஆனால் கம்பெனியோடுள்ள வழக்கைக் கம்பெனியோடுதான் தீர்த்துக் கொள்ள வேண்டும். அட்டையோடு வந்தவனிடம், "இது போதாது, மேற்கொண்டு கட்டு" என்று சில இடங்களில் கேட்கிறார்களே, அது எந்த நியாயம்?

இன்னும் சிலர், சர்க்கார் தலையிட்டால் வைத்தியத் தொழிலின் சுதந்திரமே போய்விடும் என்கிறார்கள். இது பழைய பாட்டு. இங்கிலாந்தில் 1911-ல் லாயிட் ஜார்ஜ் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சட்டம் கொண்டு வந்த போதும் வைத்தியர் சங்கம் எதிர்த்தது. 1948-ல் எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்ற போது, சங்கம் எடுத்த ஓட்டில் சுமார் 40 ஆயிரம் பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டும் என்றவர்கள் 5 ஆயிரம் பேர் கூட இல்லை. ஆனால் அந்த ஆண்டு ஜூலை 5-ல் திட்டம் துவங்கிய போது பெரும்பாலோர் சேர்ந்து விட்டார்கள். வைத்தியத் தொழில் அங்கே அழிந்தா போயிற்று?

நம் நாட்டிலேயே, ராஜஸ்தானில் 2023 மார்ச்சில், ஆபத்தில் வந்தவனுக்கு முன்பணம் கேளாமல் வைத்தியம் செய்ய வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். தனி வைத்தியர்கள் சுமார் இரண்டு வாரம் போராடினார்கள். ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனி ஆஸ்பத்திரிகளுக்கு விலக்குக் கொடுப்பதாகச் சர்க்கார் ஒப்புக் கொண்ட பிறகே, ஏப்ரல் 4-ல் போராட்டம் ஓய்ந்தது. வைத்தியருக்குச் சங்கம் இருக்கிறது. கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறான். நோயாளிக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே நோயாளியின் கட்சியை நாம்தான் பேச வேண்டும். இந்த அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் உதவும். சர்க்கரை வியாதிக்காரன் கடையில் தினம் வாங்குகிற மாத்திரைக்கு இது உதவாது. அதற்குச் சர்க்கார் ஆஸ்பத்திரிதான் கதி. பணம் கொடுக்க முடியாத காரணத்தால் ஒருவனுக்கும் தகுந்த வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது என்று போர் கமிட்டி 1946-லேயே சொல்லி விட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியைப் பட்டினி போட்டு விட்டு, இன்ஷூரன்ஸ் ஒன்றே போதும் என்பது, கிணற்றைத் தூர்த்து விட்டுத் தண்ணீர் வண்டியை எதிர்பார்ப்பது போலாகும். அட்டையைச் சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் காட்டலாம். அப்போது அந்தப் பணத்தில் அந்த ஆஸ்பத்திரிக்கும் பங்கு சேருகிறது என்பதை மறக்காதீர்கள்.

தோழர்களே! அட்டை இல்லாதவர்கள் நோய் வருமுன் வாங்கி வையுங்கள். ரேஷன் கார்டும், ஆதாரும், வருமானச் சான்றும் கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். 2019-ல் தென்காசி தனி ஜில்லாவான பிறகு இதற்குத் திருநெல்வேலி வரை அலைய வேண்டியதில்லை. எவராவது மேற்கொண்டு பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், மேலே எழுதுங்கள். வைத்தியருக்குக் காலத்தில் பணம் கொடு என்று அவரோடு சேர்ந்தும் கேளுங்கள். தாலியை அடகு வைத்துப் பிழைத்தவனும், அடகு வைக்க ஒன்றுமில்லாமல் செத்தவனும் தலைவிதியால் அப்படி ஆகவில்லை. மனிதர் செய்த ஏற்பாட்டின் குறையால் ஆனார்கள். மனிதர் செய்ததை மனிதரே திருத்தலாம். நான் சொன்னவற்றை உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை மட்டும் ஏற்றுக் கொள்ளும்படி கேட்டுக் கொண்டு, இவ்வளவோடு முடித்துக் கொள்ளுகிறேன்.