கடிதமே மனுவாயிற்று

‘நீதித்துறை முனைப்பு’ என்னும் தொடரை மொழிபெயர்க்கையில் அதில் ஒரு குற்றச்சாட்டும் ஒலிப்பதை நாம் உணர்கிறோம்: நீதிபதி தம் எல்லையைத் தாண்டுகிறார் என்பது.

1982-ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தில்லியில் கட்டட வேலை செய்தோரில் வெளிமாநிலத்தார் பலர். நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. ஆள் திரட்டிய ஜமேதார்கள் அதில் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டனர். ஓர் உரிமைக் கழகத்தார் நீதிபதி பகவதிக்கு எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. பசியால் குறைந்த கூலிக்கு உடன்படுவதும் அரசியலமைப்பின் 23-ஆம் ஷரத்து விலக்கும் கட்டாய உழைப்பே என்றது. அவ்வப்போது வேலைத்தலத்தைப் பார்வையிட மூவரையும் நியமித்தது.

எல்லை தாண்டலா? பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948 முதலே இருந்ததன்றோ!