மிகுதியும் மிகையும்



மிகுதியைக் குறிக்க ஆங்கிலத்தில் 'பிளெத்தோரா' என்றொரு சொல் உண்டு. கற்றோர் எனக் காட்டிக்கொள்ள விழைவோர், 'நிறைய' எனச் சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் இதனை எடுத்தாளுகின்றனர். அச்சொல்லின் பிறப்பை அவர் நினைப்பதில்லை. நிறைவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல், மருத்துவர் வழக்கில், உடலிற் குருதி அளவுக்கு மிஞ்சிய நோய்க்குப் பெயராயிற்று. அந்நோய்ப் பெயராகவே 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்தது. பின்னரே எப்பொருளின் மிகைக்கும் ஆகிவந்தது. இன்று வெறும் மிகுதிக்கும் அதனை வழங்குவோர் பலராயினும், வளம் வரம்பு கடந்து வருத்துவதே அதன் பழம்பொருள்.

இவ்வேறுபாட்டைத் தமிழர் கடன்பெற்று அறியவேண்டுவதில்லை. உறு, தவ, நனி என்னும் மூன்றும் மிகுதிப் பொருளன எனத் தொல்காப்பியர் உரியியலில் வகுத்தார். சால, கூர், கழி என்பனவற்றையும் சேர்த்துப் பவணந்தியார் நன்னூலில் ஆறாக்கினார். அந்நன்னூலே, மிகைபடக் கூறலை நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாகவும் வைத்தது. மிகுதி வேறு, மிகை வேறு.

நூலை விடுத்து நிலத்தைக் காண்க. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன; மல்லாட்டை என இப்பக்கத்தார் வழங்கும் நிலக்கடலையும் விளைகிறது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த கடலை வகைகள் 'டி.எம்.வி.' என அவ்வூர்ப் பெயரையே தாங்கி நிற்கின்றன. அறுவடை நாளில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டைகள் குவிகின்றன, விலை இறங்குகிறது.

இந்நிலைக்குத் தமிழன் இட்ட பெயரை எண்ணுக. மலிதல் என்பதற்கு நிறைதல், மிகுதல் என்பனவே பொருள். பண்டம் மலிந்தால் விலை தாழும். ஆதலின் 'மலிவு' என்பதே தாழ்ந்த விலைக்குப் பெயராயிற்று. காரணமும் விளைவும் ஒரு சொல்லுள் அடங்கின. வாங்குவோர்க்கு மலிவு மகிழ்ச்சி. விதைக்கும் கூலிக்கும் கடன்பட்ட உழவர்க்கோ, களம் நிறைந்தும் கை நிறையாத துயரம்.

விளைச்சல் பெருகியது என்று மட்டும் எழுதி மகிழ்வோர் பாதி உண்மையே கூறுகின்றனர். களத்தில் கண்டது மிகுதி; விலையை வீழ்த்தியது மிகை. இரண்டையும் பிரித்துச் சொன்னால்தான், சேமக்கிடங்கும் கட்டுப்படியாகும் விலையும் எவர்க்கு, எப்பொழுது வேண்டும் என்பது விளங்கும். எல்லாவற்றையும் ஓர் அயற்சொல்லால் மூடினால், உழவரின் துயரும் அதனுள் மறைந்துபோம்.

ஆதலின், நிறைந்த இடத்தில் நிறைவு என்க. மிகுந்த இடத்தில் மிகுதி என்க. மிஞ்சி வருத்தும் இடத்தில் மிகை என்க. சொல் தெளிந்தால் குறை தெளியும். குறை தெளிந்தால் தீர்வும் பிறக்கும்.